மின்கசிவு என்னும் ஒரு சொல்

"மின்கசிவே தீ விபத்துக்குக் காரணம் எனத் தெரிகிறது." நாளிதழில் இந்த வாக்கியத்தைப் படிக்காத தோழி நம் பள்ளியில் ஒருத்தியும் இருக்கமாட்டாள். துணிக்கடை எரிந்தாலும் மின்கசிவு. பஞ்சுக் கிடங்கு எரிந்தாலும் மின்கசிவு. மருத்துவமனை எரிந்தாலும் அதே மின்கசிவு. குழாய் கசிந்தால் தண்ணீர் சொட்டும். மின்சாரம் கசிந்தால் நெருப்பு எப்படி வரும்? இந்தக் கேள்வியை நான் ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என்னைக் கேட்க வைத்தது இவ்வாண்டுத் தவக்காலத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

மரியாயின் சேனையைச் சேர்ந்த நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டிமார் இருக்கிறார்கள். சிலர் நன்றாக நடக்கிறார்கள். சிலர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். எட்டுப் பேர் படுத்த படுக்கையாகவே இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தவர் கடைசி அறைப் பாட்டி. அவருக்குத் தலை வாரிவிட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது குப்பென்று மீன் வாடை வீசியது. அன்று இல்லத்தில் கஞ்சியும் துவையலும்தான். மீன் எங்கிருந்து வந்தது? மூக்கைப் பின்பற்றிக் குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி. படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையின் பம்பு, வெந்நீர்க் கெட்டில், கைபேசிச் சார்ஜர் ஆகிய மூன்றும் அதில் செருகப்பட்டிருந்தன. பெட்டியின் வெள்ளை நிறம் ஒரு மூலையில் தேநீர் நிறமாக மாறியிருந்தது. கையை அருகே கொண்டு போனாலே சூடு தெரிந்தது.

ஓடிப்போய்ப் பொறுப்புச் சகோதரியை அழைத்து வந்தேன். அவர் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்து, மறுநாளே எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். வந்தவர் சுவர்ப் பலகையைக் கழற்றினார். உள்ளே ஒரு கம்பியின் நுனி கரியாகியிருந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய திருகு, விரலால் தொட்டாலே ஆடியது.

"ஏன் தம்பி, இவ்வளவு சூடாகியும் ஃப்யூஸ் போகவில்லையே?" என்று சகோதரி கேட்டார்.

"இதற்கெல்லாம் ஃப்யூஸ் போகாது சிஸ்டர், வீடுதான் போகும்" என்றார் அவர்.

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. ஆபத்து வந்தால் ஃப்யூஸ் எரிந்து நம்மைக் காக்கும் என்றுதானே பாடத்தில் படித்திருக்கிறோம்? அது காக்காத ஆபத்தும் உண்டா? இயற்பியல் ஆசிரியையிடம் கேட்டேன். "ஜூல் விதியை எழுதிப் பார், உனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எழுதிப் பார்த்தேன். மின்னோட்டத்தின் இருமடி, மின்தடை, நேரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது வெப்பம். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு நாம் ஒப்பிக்கும் இந்த விதிக்குள்தான் நாளிதழ் சொல்லும் மின்கசிவுகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஆனால் அவை ஒரே வகையானவை அல்ல. வெவ்வேறான நோய்களுக்கு நாம் ஒரே பெயரை வைத்துக்கொண்டிருக்கிறோம். காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் டைபாய்டா மலேரியாவா என்பது எப்படித் தெரியும்?

முதலாவது, மிகைச்சுமை. 6 ஆம்பியர் தாங்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் 1500 வாட் கெட்டிலைச் செருகினால், 230 வோல்ட்டில் அதுவே ஆறரை ஆம்பியர் இழுக்கும். பக்கத்தில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் செருகிவிட்டால் மொத்தம் ஏறக்குறைய 11 ஆம்பியர். மின்னோட்டம் இருமடங்கு கூட ஆகவில்லையே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. வெப்பம் அதன் இருமடியைப் பொறுத்தது. ஆகவே கம்பியில் எழும் சூடு மூன்று மடங்குக்கும் மேல். இதைப் பிடிக்க ஃப்யூஸும், இப்போது பெரும்பாலான வீடுகளில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சும் உண்டு. ஆனால் சுவரில் 16 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தால் அது 11 ஆம்பியரைக் கண்டு அசையாது. அதைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் உருகிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாவது, குறுக்குச் சுற்று. மின்னோட்டக் கம்பியும் நியூட்ரல் கம்பியும் நேரே தொட்டுக்கொள்வது. மின்தடை ஏறக்குறைய இல்லாமற்போவதால் மின்னோட்டம் பல நூறு ஆம்பியர்வரை பாயும். ஃப்யூஸ் உடனே போய்விடும். அது பிறந்ததே இதற்காகத்தான்.

மூன்றாவதுதான் உண்மையான கசிவு. கம்பியின் காப்புறை தேய்ந்தோ, எலி கடித்தோ, ஈரம் ஏறியோ, மின்சாரம் போகக்கூடாத வழியாக நிலத்துக்குப் போவது. 0.3 ஆம்பியர் கசிந்தால் போதும். 230ஆல் பெருக்கினால் 69 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும். அந்தச் சூடு முழுவதும் தூசியும் ஒட்டடையும் படிந்த ஒரு மூலையில், ஒரே புள்ளியில் சேர்ந்தால் என்ன ஆகும்? 15 ஆம்பியர் ஃப்யூஸுக்கு இந்த 0.3 ஆம்பியர் கண்ணிலேயே படாது. இதற்கென்று ஆர்.சி.சி.பி. என்னும் தனிக் காவல் கருவி உண்டு. போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். வீடுகளில் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டுக்கே துண்டித்துவிடும். கடைக்காரரிடம் ஒற்றைப் பைசா பிசகாமல் சில்லறை எண்ணி வாங்கும் நம் அம்மாக்கள் நினைவுக்கு வருகிறார்கள்! அதில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்கவேண்டும். அழுத்தியும் விழாவிட்டால் காவலாளி உறங்கிவிட்டார் என்று பொருள்.

நான்காவதுதான் எங்கள் பாட்டியின் அறையில் நடந்தது: தளர்ந்த இணைப்பு. திருகு தளர்ந்தால் கம்பி முழுமையாகத் தொடாது. தொடும் இடத்தில் அரை ஓம் தடை உண்டாவதாக வைத்துக்கொள்வோம். கெட்டிலின் தடை ஏறக்குறைய 35 ஓம். அதோடு அரை ஓம் சேர்வதால் மின்னோட்டம் கூடாது, சற்றே குறையும். எனவே ஃப்யூஸ் எரிய வழியில்லை. போனதெல்லாம் திரும்பி வருவதால் ஆர்.சி.சி.பி.யும் விழாது. கெட்டிலில் தண்ணீரும் எப்போதும்போல் கொதிக்கும். ஆனால் அந்த ஒரு திருகின் நுனியில் மட்டும் சுமார் 20 வாட் வெப்பம். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னுக்குச் சமம். சூட்டினால் உலோகம் விரியும், அணைத்தால் சுருங்கும், ஒவ்வொரு முறையும் இணைப்பு இன்னும் தளரும், கறுக்கும், தடை ஏறும். இதைக் கண்டுபிடிக்கச் சாதாரண மின்பெட்டியில் கருவி ஏதும் இல்லை. மனிதர் திறந்து பார்க்க வேண்டும், அல்லது மூக்கு இருக்க வேண்டும். சூடேறிய பிளாஸ்டிக் சில சமயம் மீன் வாடை வீசும் என்பதை அன்றுதான் அறிந்தேன். எலக்ட்ரீஷியன் சொன்னது விளையாட்டல்ல என்பதும் புரிந்தது.

இனி ஒரு கேள்வி வரும். இவையெல்லாம் எல்லா வீட்டுக்கும் பொதுவானவைதாமே, முதியோர் இல்லத்துக்கு மட்டும் என்ன தனி அக்கறை என்று. நம் வீட்டில் புகை வந்தால் நாம் வாசலுக்கு ஓடிவிடுவோம். கடைசி அறைப் பாட்டியால் கட்டிலிலிருந்து கால் இறக்க இரண்டு பேர் பிடிக்கவேண்டும். ஓட முடியாதவர்களுக்குத் தீ என்ன செய்யும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே துயரமான சான்று இருக்கிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியோரை வைத்திருந்த ஒரு கொட்டகை எரிந்து 28 பேர் மாண்டனர். அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். அது மின்சாரத்தால் வந்த தீ என்று சொல்ல முடியாது. எனினும் தானாக வெளியேற முடியாதவர் இருக்கும் இடத்தில் எந்தத் தீயும் சின்னத் தீ அல்ல என்பதை அது காட்டிவிட்டது. படுக்கையும் ஒரு வகைச் சங்கிலிதானே? 2021 ஜனவரி 9 அன்று மராட்டிய மாநிலம் பண்டாரா அரசு மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகள் பிரிவில் பற்றிய தீயில் பத்துக் குழந்தைகள் இறந்தன. அவையும் ஓட முடியாதவை.

மின்சாரத்தால் ஒரு முதியோர் இல்லம் எரிந்த வரலாற்றைத் தேடியபோது ஸ்காட்லாந்து நாட்டு நிகழ்ச்சி ஒன்றைப் படித்தேன். கிளாஸ்கோ நகருக்கு அருகே அடிங்ஸ்டன் என்னும் ஊர். அங்கே ரோஸ்பார்க் என்ற முதியோர் இல்லம். 2004ஆம் ஆண்டு ஜனவரி 31, விடியற்காலை நாலரை மணி. அந்த இல்லத்தில் 14 முதியவர்கள் தீயால் இறந்தார்கள். பத்துப் பேர் அங்கேயே. நால்வர் பின்னர் மருத்துவமனையில். கட்டடம் இடிந்து விழவில்லை. கூரை எரிந்து போகவில்லை. தீ சில நிமிடங்களே எரிந்தது. காற்று போதாமல் தானே ஒடுங்கிவிட்டது. அதற்குள் 14 உயிர்கள் போய்விட்டன. எப்படி?

நடைவழியை ஒட்டி ஓர் அலமாரி அறை இருந்தது. அதற்குள் மின் பகிர்வுப் பெட்டி. அதே அறைக்குள் வேறு பொருள்களோடு தெளிப்பான் டப்பாக்களும் வைக்கப்பட்டிருந்தன. மின்பெட்டி இரும்புத் தகட்டால் ஆனது. அதன் பின்புறத் துளை வழியாக ஒரு கம்பி உள்ளே சென்றது. துளையின் விளிம்பு கூர்மையாக இருக்கும் என்பதால் அங்கே ஒரு ரப்பர் வளையம் போடுவது வழக்கம். போடவில்லை. காலப்போக்கில் விளிம்பு காப்புறையை அறுத்தது, கம்பி தகட்டைத் தொட்டது, பொறி பறந்தது. நான் மேலே மூன்றாவதாகச் சொன்னேனே, அந்த வகை. அங்கிருந்த பொருள்களில் பற்றிய தீ, எரியும் வாயு அடைத்த டப்பாக்களை வெடிக்க வைத்தது. ரப்பர் வளையம் என்ன விலை இருக்கும்? நம் ஊரில் அதை எண்ணிக்கூடத் தரமாட்டார்கள், கைநிறைய அள்ளித் தருவார்கள்.

அந்த இல்லம் 1992இல் திறக்கப்பட்டது. சுவருக்குள் இருக்கும் வயரிங்கைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும் என்பது அங்கே உள்ள மின் நெறிமுறை. இத்தகைய இல்லங்களுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்கிறார்கள். அந்தச் சோதனை முறையாக நடக்கவில்லை. நடந்திருந்தால் அறுபட்ட காப்புறை கண்ணில் பட்டிருக்கும், அல்லது மெக்கர் என்னும் கருவி காட்டியிருக்கும். மெக்கர் 500 வோல்ட் அழுத்தத்தைக் கொடுத்துக் காப்புறையின் தடையை அளக்கிறது. ஒரு மெகா ஓமுக்குக் குறையக்கூடாது.

ஆனால் பற்றியது மட்டும் கதையன்று. அதன்பின் நடந்ததுதான் என்னை மிகவும் வருத்தியது. எச்சரிக்கை மணி 4.28க்கு அடித்தது. இரவுப் பணியில் இருந்தவர்கள் நான்கு பேர். அவர்கள் மணிப் பலகையைப் பார்த்தார்கள். தீ எந்தப் பகுதியில் என்று அது தெளிவாகச் சொல்லவில்லை. முதலில் எங்கே என்று தேடுவோம், பிறகு தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுவோம் என்பது அங்கிருந்த பழக்கம். தேடினார்கள். தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்பு போனது 4.37க்கு. ஒன்பது நிமிடங்கள்! ஒன்பது நிமிடத்தில் நாம் ஒரு ஜெபமாலையின் இரண்டு காரணிக்கத்தைச் சொல்லி முடித்துவிடலாம்.

அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவில் தனியே நிற்கும் பணிப்பெண்ணுக்கு, மணி சும்மா அடித்திருக்குமோ, அழைத்துவிட்டு ஏச்சு வாங்குவோமோ என்ற அச்சம் இயல்பே. அதனால்தான் முன்பே சொல்லிவைக்க வேண்டும்: மணி அடித்தால் முதல் வேலை அழைப்பது, தேடுவது பிறகு. நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். ஐந்து பேர் நள்ளிரவில் எண்ணெய் தேடி ஓடியது அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. பகலில் நினைத்துப் பார்க்காததால்.

இனிக் கதவுகள். நீண்ட நடைவழியின் இருபுறமும் அறைகள். பல அறைக் கதவுகள் திறந்திருந்தன. தாமே மூடிக்கொள்ளும் அமைப்பு அவற்றில் இல்லை. நடைவழியின் நடுவே தடுப்புக் கதவும் இல்லை. கரும்புகை நடைவழி முழுதும் பரவி, திறந்த கதவுகளின் வழியே உறங்குபவர்களிடம் வந்தது. தோழியரே, தீ விபத்தில் பெரும்பாலோரைக் கொல்வது சுடர் அல்ல, புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இறுக்கமாகச் சேர்ந்துகொள்ளும். உறங்குபவர் இருமி எழவும் நேரமிருக்காது. வயரின் பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் சேர்ந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

மூடிய ஒரு சாதாரண மரக்கதவு இந்தப் புகையைச் சில நிமிடங்களாவது தடுத்து நிறுத்தும். தீத்தடுப்புக் கதவென்றே செய்யப்பட்டது அரை மணி, ஒரு மணி தாங்கும். அந்த நேரம்தான் உயிர்.

இறப்புகளைப் பற்றிய விசாரணைத் தீர்ப்பு 2011இல் வெளியானது. கம்பிக்குப் பாதுகாப்பு, காலமுறைச் சோதனை, தாமே மூடும் அறைக்கதவு, நடைவழித் தடுப்பு, உடனடி அழைப்பு, முறையான தீப் பாதுகாப்புத் திட்டம் ஆகியவை இருந்திருந்தால் சில உயிர்களையோ எல்லா உயிர்களையுமோ காத்திருக்கலாம் என்று நீதிபதி கண்டார். ஸ்காட்லாந்தில் 2005 முதல் புதிதாகக் கட்டும் முதியோர் இல்லங்களில் தீ கண்டதும் தானே நீர் பொழியும் ஸ்பிரிங்ளர் கட்டாயமாக்கப்பட்டது. எல்லாம் பதினான்கு பேர் போன பிறகு.

நம் நாட்டில் விதிகள் இல்லையா? இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறிமுறை கட்டடங்களைப் பிரிவு பிரிவாக வகுக்கிறது. முதியோர் இல்லங்களும் அனாதை இல்லங்களும் சாதாரண வீடுகளின் பிரிவில் இல்லை. மருத்துவமனையும் சிறைச்சாலையும் இருக்கும் சி பிரிவில், சி-2 என்ற உட்பிரிவில் இருக்கின்றன. முதலில் எனக்கு இது வியப்பாக இருந்தது. பாட்டிமாரைச் சிறைவாசிகளோடு சேர்த்துவிட்டார்களே என்று கோபமும் வந்தது. பிறகு பொருத்தம் புரிந்தது. நோயாளி, கைதி, குழந்தை, முதியவர் ஆகிய நால்வரும் பிறர் வந்து கதவைத் திறந்தால்தான் வெளியேற முடியும். வயரிங்குக்கு ஐ.எஸ். 732, கம்பிக்கு ஐ.எஸ். 694, புவி இணைப்புக்கு ஐ.எஸ். 3043 என்று தனித்தனித் தர நெறிகளும் உள்ளன. குறை என்னவென்றால், பெரும்பாலான இல்லங்கள் இல்லமாகவே கட்டப்பட்டவை அல்ல. ஒரு காலத்தில் ஆறு பேர் குடியிருந்த பழைய வீட்டை நல்ல மனம் படைத்த ஒருவர் எழுதிக்கொடுத்திருப்பார். அதில் நாற்பது பேர் தங்கியிருப்பார்கள். அன்று நான்கு விளக்கும் ஒரு வானொலியும் தாங்கப் போட்ட கம்பி இன்று காற்று மெத்தை, நெபுலைசர், ஆக்சிஜன் கருவி, வெந்நீர் கொதிகலன், குளிர்சாதனம் அத்தனையையும் சுமக்கிறது. ஆக்சிஜன் கருவி இருக்கும் அறையில் இன்னும் கவனம் தேவை. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் ஆக்சிஜன் ஊறிய போர்வையில் ஒரு பொறி விழுந்தால் அது கற்பூரம்போலப் பற்றும்.

தீ பிடித்துவிட்டால் படுக்கையில் கிடப்பவரை மாடிப்படி வழியே தூக்கிக்கொண்டு ஓட இரண்டு பணிப்பெண்களால் ஆகுமா? ஆகாது. அதற்கு ஒரு நல்ல முறை இருக்கிறது. கட்டடத்தைத் தீத்தடுப்புக் கதவுகளால் பகுதிகளாகப் பிரித்துவிடுவது. ஒரு பகுதியில் தீ என்றால் அதே தளத்தில் அடுத்த பகுதிக்கு மெத்தையோடு இழுத்துக்கொண்டு போய்க் கதவை மூடிவிடுவது. படி இறங்குவது பிறகு. மின் தூக்கியைப் பயன்படுத்தவே கூடாது. எரியும் மின் சாதனத்தின்மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது; மெயினை அணைத்துவிட்டு, உலர் தூள் அல்லது கார்பன் டை ஆக்சைடு அணைப்பானைப் பயன்படுத்தவேண்டும். இதெல்லாம் பாடத்தில் இருப்பதுதான். ஆனால் அந்த இல்லத்தில் மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டபோது பணிப்பெண் மூவரில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. சாவி அலுவலகத்தில் இருந்தது, அலுவலகம் பூட்டியிருந்தது!

ஈஸ்டருக்குப் பிறகு மீண்டும் சென்றோம். பொறுப்புச் சகோதரி சும்மா இருக்கவில்லை. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரை அழைத்து எல்லாப் பலகைகளையும் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஐந்து இடங்களில் திருகு தளர்ந்திருந்ததாம். ஆர்.சி.சி.பி. பொருத்தியாயிற்று. கெட்டில்கள் அறைகளிலிருந்து சமையலறைக்குப் போய்விட்டன. வெந்நீர் இப்போது ஃபிளாஸ்கில் வருகிறது. மின்பெட்டி இருந்த மாடிப்படி அடியிலிருந்து பழைய மெத்தைகளையும், கிறிஸ்துமஸ் குடில் வைக்கோலையும் அகற்றிவிட்டார்கள். வைக்கோல்! ஆண்டுதோறும் டிசம்பரில் எடுத்து ஜனவரியில் அங்கேயே திணிப்பது வழக்கமாம். மெயின் சாவி ஓர் ஆணியில் தொங்குகிறது. தொலைபேசி அருகே 101 என்ற எண் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. அதன்கீழே, "மணி அடித்தால் முதலில் இது" என்று. அந்த எழுத்து என்னுடையது. தானே மூடும் கதவுகளுக்கும் நடைவழித் தடுப்புக்கும் இன்னும் பணம் சேரவில்லை. அதுவரை இரவில் எல்லா அறைக் கதவுகளையும் பணிப்பெண்கள் சாத்திவிட வேண்டும் என்று மதர் கட்டளையிட்டிருக்கிறார்.

இதில்தான் சிக்கல். கடைசி அறைப் பாட்டிக்குக் கதவு சாத்தினால் பிடிக்காது. முதல் முறை நான் புறப்படும்போது கதவைச் சாத்தப் போனேன், "வேண்டாம் கண்ணு, திறந்தே கிடக்கட்டும். சாத்தினால் பெட்டிக்குள் வைத்ததுபோல் இருக்கிறது. நடந்து போகிறவர்கள் காலையாவது பார்த்துக்கொண்டு கிடப்பேன்" என்றார். அப்போது எனக்கு அது வெறும் ஆசையாகத் தெரிந்தது. ரோஸ்பார்க்கைப் படித்தபிறகு அந்தத் திறந்த கதவு என் கண்முன்னே நின்றுகொண்டே இருந்தது.

இம்முறை அவர் பக்கத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பயமுறுத்தவில்லை, புகை எப்படி வரும், கதவு எப்படித் தடுக்கும் என்று மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்திரி மட்டும்தானே?" என்றார்.

"ராத்திரி மட்டும்தான் பாட்டி. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி வைக்கச் சொல்லி மதரிடம் கேட்டிருக்கிறேன். தீயைத் தாங்கும் கண்ணாடியாகத்தான் வைக்கவேண்டுமாம், அதற்குக் கொஞ்ச நாள் ஆகும். வந்தபிறகு நடப்பவர்களைப் படுத்தபடியே பார்க்கலாம்."

சிறிது நேரம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, ஜெபமாலை முடிந்ததும் சாத்தச் சொல்கிறேன்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தாழ்வாக வைக்கச் சொல். படுத்திருக்கிறவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.